ஈ உட்கார்ந்த வட்டம்

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. அதனால்தான் அந்த அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருஷமாக அந்த வேலை நிலைத்திருப்பதும் அதனால்தான்.

முன்பக்கத்தில் மருந்துப் பெட்டி லேபிள், பஸ் டிக்கெட், ரசீதுப் புத்தகம் எல்லாம் ஓடும். பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு. அதற்குள் ஒரே ஒரு மெஷின். பரீட்சைத் தாள், போட்டித் தாள் எல்லாம் அதில்தான் அடிப்பார்கள். அந்த மெஷினுக்குப் படித்தவனைப் போட மாட்டார்கள். என்னைப் போல நாலு பேரைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மெஷினின் கடைசியில் நின்று, விழுகிற தாளை அள்ளி, ஓரம் தட்டி அடுக்கி, மை கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ், என் கண்ணுக்கு வெறும் கோடும் புள்ளியும்தான். வெளியே போகும்போது சட்டைப்பை, செருப்பு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள். படிக்காதவன் தலைக்குள் என்ன இருக்கப்போகிறது என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான் இருந்தது.

இந்த மெஷினைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை. லேபிள் அடிக்கிற இடம் என்றுதான் மகனுக்குத் தெரியும்.

மகன் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடையில் விற்பனையாளன். ஒரு வாளி வாங்கப் போனாலும் மூன்று கடையில் மூன்று வாளியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். கடைக்குள் வருகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவனுக்கு எந்தப் பெட்டி பிடித்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவானாம். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. எனக்கு அது எப்போதுமே பிடித்ததில்லை.

அவனுக்கு ஒரே மகள், வயது பதினாறு. கட்டெறும்பு என்று நான்தான் பெயர் வைத்தேன். கடித்தால் விடமாட்டாள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் ஆற வைத்துவிட்டு அதையே குடைந்துகொண்டிருப்பாள்.

அந்த வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று போட்டிகள் வந்தன. மூன்றும் பெரிய போட்டிகள். ஜெயித்தால் பெரிய கல்லூரிகள் கூப்பிட்டு இடம் கொடுக்குமாம். மகன் ஒரு ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கோடு போட்டு மூன்று கட்டமாக்கிச் சுவரில் ஒட்டினான். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே நட்சத்திரம் வரைந்தான், கடையில் பெட்டிக்கு ஒட்டுகிற மாதிரி.

"ரோபோ போட்டிக்கு ரெண்டு ஸ்டார்தான்" என்றான். "நாலு பேர் சேர்ந்து செய்யணும். ஒருத்தன் சொதப்பினா நாலு பேரும் வீட்டைப் பாக்க வர வேண்டியதுதான்."

"நாங்க சொதப்ப மாட்டோம்பா" என்றாள் கட்டெறும்பு. "கையை நான்தான் செஞ்சேன். போன வாரம் பன்னிரண்டு பந்துல பதினொண்ணு எடுத்துக் கூடையில போட்டுது."

"பன்னிரண்டாவது?"

"அது உருண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குள்ள போயிடுச்சு."

"அதான் சொல்றேன்."

அடுத்த கட்டத்தைத் தட்டினான். "ஆராய்ச்சிப் போட்டி. மூணு ஸ்டார். ஒரு வருஷம் ஒரே விஷயத்தை ஆராய்ஞ்சு, அட்டையில எழுதி ஒட்டி, பக்கத்துல நின்னு பேசணும். ஆனா ஜெயிக்கிறது யாரு? அம்மா டாக்டரா இருக்கும், மாமா ஏதாவது லேப்ல பெரிய ஆளா இருப்பார். புள்ளை பேசும், ஆராய்ச்சியை யார் பண்ணாங்கன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். நமக்கு அந்த மாதிரி மாமா எங்க இருக்கார்?"

"என் தம்பி லாரி ஓட்டறான். அவனைக் கேக்கலாமா?" என்றாள் மருமகள். அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். "ஃப்ரிட்ஜ் வாங்கறீங்களா, புள்ளையப் படிக்க வைக்கறீங்களா?"

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கணக்குப் போட்டி. அஞ்சு ஸ்டார். மூணு மணி நேரம், ஆறு கணக்கு. பேப்பர், பேனா, தலை. டீம் கிடையாது, மாமா கிடையாது. யாரும் ஏமாத்த முடியாது."

"மூணும் பந்தயம்தான்டா" என்றேன். "ஓடப்போற குதிரையை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க சும்மா இருங்கப்பா."

சும்மா இருந்தேன். ஆனால் யாரும் ஏமாற்ற முடியாது என்று அவன் சொன்னது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தத் தாளுக்கு எத்தனை பூட்டு, எத்தனை சீல் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்ததே அதுதான் என்று தாளைக் கட்டி வைக்கிற பெட்டியின் நிறத்தை வைத்து ஊகித்திருந்தேன். மற்றபடி எனக்கு நம்பிக்கை உள்ள பொருள் இந்த உலகத்தில் குறைவு.

கணக்குப் போட்டியும் ரோபோ போட்டியும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்தன. இரண்டில் ஒன்றில்தான் கலந்துகொள்ள முடியும். கட்டெறும்பு ரோபோதான் என்று உறுதியாக இருந்தாள். வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் தரையில் நோட்டைப் பரப்பிப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்குக்குக் கணக்குப் போடுகிற பிள்ளை அவள். ஒரு பெரிய வட்டம். அதற்குள் மூன்று முனையும் தொடுகிற மாதிரி ஒரு முக்கோணம்.

அந்த வாரம் முழுக்க நான் பார்த்த படம் அது. ஒரு வித்தியாசம். எங்கள் தாளில், முக்கோணத்தின் ஒரு மூலையில் இரண்டு பக்கத்தையும் ஒட்டிக்கொண்டு, பெரிய வட்டத்தையும் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன வட்டம் இருந்தது. அந்தச் சின்ன வட்டத்தில்தான் மை கசிந்தது. ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு கறை. துடைத்தால் போகும், நூறு தாள் ஓடினால் மறுபடியும் வரும். மேற்பார்வையாளர் என்னிடம் ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஆயிரக்கணக்கான தாளில் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினாலும் அதுதான்.

நாக்கில் சனி. "இந்த மூலையில இன்னொரு சின்ன வட்டம் இருக்கணுமே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க தாத்தா?"

விரலால் தொட்டுக் காட்டினேன். இங்கே ஒட்டி, அங்கே தொட்டு. காட்டி முடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

"இந்த மாதிரி கணக்கு எங்க பாத்தீங்க?"

"எங்கயோ. ஏதோ லேபிள்ல."

"லேபிள்ல ஜியாமெட்ரியா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. நோட்டைப் பார்த்தாள், என் விரல் நகத்திலிருந்த மையைப் பார்த்தாள். சமையல்கட்டு வாசலில் மகன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. போய் ஜன்னலைச் சாத்தினான். அன்றைக்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை.

மறுநாள் நான் வீடு திரும்பியபோது அட்டையில் இரண்டு கட்டம்தான் இருந்தது. ரோபோவைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். அடுத்த நாள் ஆராய்ச்சியும் போனது. சுவரில் மிஞ்சியது கணக்கு மட்டும்.

"ஏன்டி, கை என்ன ஆச்சு?" என்று கட்டெறும்பைக் கேட்டேன்.

"வேற பொண்ணு பாத்துக்குவா."

"நீ செஞ்ச கைதானே?"

"அப்பா சொன்னார் தாத்தா." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னை நன்றாகக் கவனிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு நல்ல கவனிப்பு என்றாலே சந்தேகம். ஒரு விடுமுறை நாள் காலையில் மகனே டீ போட்டுக் கொண்டுவந்தான். முப்பது வருஷத்தில் அவன் எனக்கு டீ போட்டதில்லை. சர்க்கரை கூட சரியாக இருந்தது.

"உக்காருங்கப்பா. சும்மா ஒரு புத்தகம் பாக்கலாம்."

தடித்த புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம். வட்டம், சதுரம், கோணல்மாணலாக வெட்டிக்கொள்கிற கோடுகள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். போலீஸ் ஸ்டேஷனில் திருடன் போட்டோ காட்டுகிற மாதிரி.

"நான் எதையும் பாக்கலைடா."

"நான் ஒண்ணும் கேக்கலையே. பாருங்க, போதும்."

அவன் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் வாங்க வந்தவனைப் பார்க்கிற பார்வை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்தேன். வெளியே குழாயில் சொட்டுகிற தண்ணீரை எண்ணினேன். கட்டெறும்பு கதவோரம் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், புதுத் தொழில் பழகுகிறவள் மாதிரி.

நாற்பதாவது பக்கமோ என்னவோ, ஒரு பலகை மேல் கட்டம் கட்டமாகச் சில கறுப்பு, சில வெள்ளை. நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மகன் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தான்.

"டீ ஆறுது, குடிங்கப்பா" என்றான்.

அன்றைக்கு முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தேன். எந்த இடத்தில் அசைந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மருமகள் அந்தப் பக்கமாக வந்தவள் நின்றாள். "மாமா, அந்தப் புள்ளை ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. ரோபோ பண்ற பொண்ணுங்க வாசல்ல வந்து கூப்பிட்டாங்க, இல்லைன்னு சொல்லச் சொல்றா. என்னதான் நடக்குது இந்த வீட்டுல?"

நான் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை நேராக மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். எப்போதும் கையில் ஈரத்துணி வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"சார், வீட்டுல வாயை விட்டுட்டேன். அந்தச் சின்ன வட்டத்தை. அப்புறம் கட்டம் போட்ட படம் ஒண்ணு, அது நான் சொல்லல, ஆனா தெரிஞ்சுபோச்சு."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எல்லாரும் எனக்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்துகிற காலம் அது. "யார்கிட்ட?"

"மகன். பேத்தி. பேத்தி எழுதறா."

"பேத்தி எழுதறாளா? உறவுக்காரங்க யாரும் எழுதலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, பெரியவரே!"

"அதுல அப்படியா இருக்கு? வருஷா வருஷம் இங்கிலீஷ்ல ஒண்ணை நீட்டறீங்க, நானும் போடறேன்."

அவர் முகம் வெளுத்தது. அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து. "படிச்சுக் காட்டி, புரிய வச்சு, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினேன்னு நான் போட்டிருக்கேன்" என்றார். துணியால் கழுத்தைத் துடைத்தார்.

"என்னை வெளியே அனுப்புங்க சார். நான் கேக்க வந்ததே அதுதான்."

"அனுப்பினா ஏன் அனுப்பினேன்னு எழுதணும். எழுதினா நானும் உங்ககூட வெளியே வரணும்." அப்புறம் அவர் குரல் மாறியது. "அந்தக் கறை இருக்கே, சின்ன வட்டத்துல. அச்சு சரியில்லைன்னு எழுதறேன். கட்டு எதுவும் இன்னும் பூட்டறையை விட்டுப் போகல. மாற்றுத் தாள் ஒண்ணு எப்பவும் இருக்கும், அதை அடிச்சுடலாம். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

அவர் சொன்னதில் என் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.

நேரம் குறைவாக இருந்ததால் கடைசி நாலு நாள் எங்களை உள்ளேயே வைத்துப் பூட்டினார்கள். சாப்பாடு உள்ளே வந்தது, படுக்கை தாள் கட்டுகளுக்கு நடுவே. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. புதுத் தாளில் கறை ஏதும் இல்லை. நான் தாளின் ஓரத்தை மட்டும் பார்த்து அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது கட்டெறும்பு எழுதிவிட்டு வந்திருந்தாள். மகன் வாசலிலேயே நின்றான்.

"படம் ரெண்டும் வரலை."

"வராது."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"சொந்தப் பேத்திப்பா." அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

கட்டெறும்பு திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. அவளுடைய ரோபோ கூட்டாளிகள் அவள் இல்லாமலே போய், முதல் சுற்றிலேயே கை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள் என்று மருமகள் சொன்னாள். கையைச் சரிசெய்ய அவர்களில் யாருக்கும் தெரியவில்லையாம்.

அப்புறம் முடிவு வந்தது. கணக்குப் போட்டியில் கட்டெறும்பு தேறிவிட்டாள். இருபத்தெட்டுப் பேர் தேர்வானதில் இவள் இருபத்தாறாவது. அடுத்த சுற்றுக்குப் போகலாம். வீட்டில் ஒரே கூத்து. மகன் என்னோடு பேச ஆரம்பித்தான். அட்டையில் அந்த ஒற்றைக் கட்டத்துக்கு ஆறாவது நட்சத்திரம் வரைந்தான்.

அவளைத் தனியாகப் பிடித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு ஆசையாகப் பேசியதில்லை. "கேட்டுக்கடி. இதுல யாரோட கையும் இல்ல. என் கையும் இல்ல, உங்கப்பன் கையும் இல்ல. எல்லாம் உன் தலை. முழுக்க உன்னுது."

"தெரியும் தாத்தா" என்றாள். "அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"நானா போட்டா இருபத்தாறு. அடுத்த சுத்துல ஆறு பேரைத்தான் எடுப்பாங்க." நோட்டின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் படம் வந்திருந்தா நான் எத்தனாவது வந்திருப்பேன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன்."

எத்தனாவது என்று நான் கேட்கவில்லை.

அச்சகத்தில் போய் மேற்பார்வையாளரைப் பிடித்தேன். "சார், என்னை லேபிள் பக்கம் மாத்துங்க. பேத்தி அடுத்த சுத்துக்குப் போயிட்டா." அவர் நாலு பக்கமும் பார்த்தார். "ஆள் மாத்தினா காரணம் எழுதணும்னு சொன்னேன்ல? உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, பெரியவரே. கண்ணைத் தாழ்த்திக்கிட்டு வேலையைப் பாருங்க." அடுத்த சுற்றுக்கான உறுதித் தாளிலும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். இந்த முறையும் படித்துக் காட்டவில்லை.

அடுத்த சுற்றுத் தாள் ஒரு திங்கட்கிழமை மெஷினில் ஏறியது. மூன்று படம். கண்ணைத் தாழ்த்தித்தான் நின்றேன். ஆனால் தாள் விழுவதே கண்ணுக்குக் கீழேதான். கறை பார்க்காமல் அடுக்கினால் பக்கத்தில் நிற்கிறவன் ஏன் என்று கேட்பான். பார்த்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போக மனசே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போவது?

வீட்டில் மகன் இல்லை, மருமகளும் வேலைக்குப் போயிருந்தாள். கட்டெறும்பு மட்டும் இருந்தாள். "கை கழுவிட்டு வாங்க தாத்தா" என்று தட்டு வைத்தாள். சூடாகப் பரிமாறினாள். எதிரே உட்கார்ந்தாள். மடியில் அந்தத் தடித்த புத்தகம்.

கேட்டால் நான் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். போய் மேலே சொல்லிவிடுவேன் என்றும் தெரியும். அதனால் கேட்கவில்லை. புத்தகத்தை விரித்துத் தட்டுக்குப் பக்கத்தில், என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பக்கம்.

நான் தட்டைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுந்து போயிடுவேன்டி" என்றேன்.

"நான் என்ன தாத்தா பண்ணேன்? படிச்சுக்கிட்டிருக்கேன்."

தலையைக் குனிந்து சாப்பிட்டேன். வாய் மென்றுகொண்டே இருந்தால் முகம் ஒன்றும் சொல்லாது என்று நினைத்தேன். பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும். நான் எதையும் பார்க்கவில்லை, தட்டின் விளிம்பைத் தாண்டி என் கண் போகவே இல்லை. போனதாக எனக்குத் தெரியவில்லை.

சத்தம் நின்றது. அவள் மெதுவாகப் பக்கத்தின் மூலையை மடித்தாள், புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"போதும் தாத்தா" என்றாள். "நீங்க சாப்பிடுங்க."